ஒச்சம்மாளின் கண்ணில் கோளாறு இல்லை

இதை எழுத உட்கார்ந்தாலே எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பதினெட்டு வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். பெயர் ராஜவேல். டியூப் லைட்டிலிருந்து ஜெனரேட்டர் வரைக்கும் என் பொறுப்பில்தான் ஓடியது. எழுத்து என் தொழில் இல்லை. ஆனால் ஒச்சம்மாளைப் பற்றி நான் எழுதாவிட்டால் வேறு எவனும் எழுதப் போவதில்லை. எழுதத் தெரிந்தவர்கள் எழுதியதைத்தான் பார்த்தோமே, தொண்ணூற்றெட்டு சதவீதம் என்று!

ஒச்சம்மாள் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. கல்யாணமான ஆறாவது மாதம், இருபது வயதில், புருஷன் சோணைமுத்துவோடு பஸ் ஏறித் திருப்பூரில் வந்து இறங்கினாள். அவன் மூட்டை ஏற்றப் போனான். அவளுக்குக் கிடைத்தது கைமடி வேலை. தையல்காரருக்குப் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுக்க வேண்டும், தைத்ததை மடித்து அடுக்க வேண்டும். மடிக்கிற கையோடு இவள் ஓட்டை விழுந்ததையும் எண்ணெய் பட்டதையும் தனியாக எடுத்து வைத்துவிடுவாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரே வருஷத்தில் செக்கிங் டேபிளுக்கு ஏற்றிவிட்டார்கள். இரண்டு கம்பெனி மாறி எங்கள் கம்பெனிக்கு வந்தவள், அப்புறம் வேறெங்கும் போகவில்லை. இப்போது நாற்பத்து மூன்று வயது. மகள் நதியா நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். சோணைமுத்துவுக்கு முதுகு போன பிறகு அந்த வீடு ஓடியது ஒச்சம்மாளின் கண்ணை நம்பித்தான்.

அவள் செக்கிங் பார்ப்பதைச் சொல்ல வேண்டும். பீஸுக்குள் இடது கையை விட்டு விரல்களை விரிப்பாள். வெளிச்சத்துக்கு ஒரு திருப்பு, உள்பக்கம் ஒரு திருப்பு. தோள், கழுத்து, பக்கவாட்டு, அடிமடிப்பு என்று கண் ஒரு சுற்று போய் வரும். நாம் ஒரு வாய் டீ குடிப்பதற்குள் முடிந்துவிடும். டேமேஜ் இருந்தால் சுண்டுவிரல் நகம் அளவில் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று, அம்புக்குறி போட்டது, அதன் முனை டேமேஜைக் காட்டுகிற மாதிரி ஒட்டிப் பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்துவாள். எங்கள் கம்பெனியில் எல்லாச் செக்கிங்காரிகளும் இப்படி ஒட்டுவதுதான் வழக்கம்.

தையல்காரர்களுக்கு அவளைக் கண்டால் ஆகாது. ஒருத்தன் ஒரு நாள், "ஏனுங்க்கா, இத்தனூண்டு ஓட்டையப் போயி யாருங்க பாக்கப் போறாங்க?" என்று கேட்டுவிட்டான். "போடுறவன் பாப்பான்டா! ஒம் பிள்ளைக்கு ஓட்டச் சட்டையா வாங்கிட்டுப் போவ? மூடிக்கிட்டுத் திருப்பித் தை!" என்று அவள் போட்ட போட்டில் அந்த லைனே கொஞ்ச நேரம் மெசினை நிறுத்திச் சிரித்தது. அவள் வாய்க்கு மேனேஜர் பிரபாகர்கூடக் கொஞ்சம் பயப்படுவார். பயம் என்ன பயம், அந்தக் கடுப்பைத்தான் அவர் பின்னால் தீர்த்துக்கொண்டார் என்று நான் நினைக்கிறேன்.

போன வருஷம் ஆடி மாதம் ஒரு இன்ஜினியரிங் காலேஜிலிருந்து கவிப்பிரியா என்ற பெண் வந்தது. கம்ப்யூட்டரில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. துணியில் இருக்கிற டேமேஜைக் கேமரா தானாகவே கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் ஆராய்ச்சி. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். காலேஜுக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தம் போட்டு, செக்கிங் ஹாலில் ஒரு இரும்புப் பெட்டி வைத்தார்கள். மேலே கேமரா, இரண்டு பக்கமும் கண்ணைப் பறிக்கிற விளக்கு, நடுவே பீஸ் போவதற்கு ஒரு பெல்ட், முன்னால் பச்சை விளக்கு ஒன்று, சிவப்பு விளக்கு ஒன்று. ஒயரிங் செய்தது நான்தான்.

ஒயர் இழுக்கும்போது கேட்டேன். "ஏனுங்க மேடம், ஓட்டைன்னா என்ன, கறைன்னா என்னன்னு இந்தப் பொட்டிக்கு எப்படிங்க சொல்லிக் குடுப்பீங்க?"

"சொல்லவே வேண்டாங்கண்ணா. நல்ல பீஸ் போட்டோ எட்டாயிரம், டேமேஜ் பீஸ் போட்டோ எட்டாயிரம் காட்டுவோம். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு அதுவே கண்டுபிடிச்சுக்கும்" என்றது. நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நல்ல பீஸ் பேக்கிங்கிலிருந்து வந்தது. டேமேஜ் பீஸ் செக்கிங்கில் ஒதுக்கிய தொட்டிகளிலிருந்து வந்தது. அதில் எல்லாவற்றிலும் ஒச்சம்மாளும் மற்றவர்களும் ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தது. கவிப்பிரியா படித்த பெண் அல்லவா, அதைக் கவனிக்கத்தான் செய்தது. "ஸ்டிக்கர உரிச்சிட்டுப் போட்டோ எடுங்க. இல்லீன்னா மெசின் ஸ்டிக்கரப் பாத்துப் பழகிரும்" என்று சொன்னது. சரிதானே? உரித்து உரித்து எட்டாயிரம் போட்டோ எடுத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒத்திகை. ஒச்சம்மாள் முதலில் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவாள். எண்ணிக் குறித்துக்கொண்டு ஸ்டிக்கரை உரித்துவிட்டு, எல்லாப் பீஸையும் கலந்து மெசினுக்குள் விடுவார்கள். அவள் டேமேஜ் என்றதை மெசினும் டேமேஜ் என்றது. அவள் நல்லது என்றதை மெசினும் நல்லது என்றது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு! முதலாளி மெசினுக்கு மாலை போட்டார். கவிப்பிரியா அதை ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதி, அது வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. இன்னும் மூன்று கம்பெனி அதே பெட்டி வேண்டும் என்று கேட்டு வந்தன.

பொங்கல் லீவு முடிந்ததிலிருந்து மெசின் செக்கிங்கை எடுத்துக்கொண்டது. ஆறு செக்கிங்காரிகளில் நான்கு பேரை அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியது ஒச்சம்மாளும் கோமளாவும். தைத்த பீஸ் நேராக மெசினுக்குப் போகும். பச்சை விழுந்தால் பேக்கிங். சிவப்பு விழுந்தால் மட்டும் இவர்களிடம் வரும். ஆனால் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் காகிதத்தில் ஒரு மனுஷக் கையெழுத்து கேட்கிறானே! அதற்குப் பிரபாகர் கடைசிச் செக்கிங் கார்டை ஒச்சம்மாளிடம் நீட்டினார்.

"நான் பாக்காத பீஸுக்கு நான் எதுக்கு சார் கையெழுத்துப் போடணும்?" என்று அவள் கேட்டாள். நான் அங்கே ஃபேன் கழற்றிக்கொண்டு நின்றேன், என் காதால் கேட்டேன்.

"மெசின் பாத்துருச்சுங்க. இது சும்மா ஃபார்மாலிட்டிக்குத்தானுங்க. போடுங்க" என்றார். எங்கள் கொங்குப் பேச்சில் 'ங்க' போட்டே ஆளைப் புதைத்துவிடலாம். நானும் இந்த ஊர்க்காரன்தான், எனக்குத் தெரியும். போடாவிட்டால் ஐந்தாவது ஆளாக அவளும் போக வேண்டியதுதான். போட்டாள்.

அதற்கப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு வந்துகொண்டிருந்த டேமேஜ், பத்துப் பன்னிரண்டாகக் குறைந்துவிட்டது! எந்த மடையனுக்காவது சந்தேகம் வர வேண்டாமா? அதே தையல் மெசின், அதே தையல்காரர்கள், அதே எண்ணெய். பிரபாகருக்கு வரவில்லை. முதலாளிக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை. குவாலிட்டி ஏறிவிட்டது என்று தையல் ஹாலில் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள், தின்றேன். ஒச்சம்மாள் மட்டும் கேக்கைத் தொடவில்லை. "சாமி வந்து தச்சுக் குடுத்துச்சாக்கும்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

மாசி மாதம், குழந்தைகளுக்கான டீ சர்ட் ஆர்டர். பையரின் ஆள் வந்து பெட்டிகளைப் பிரித்தான். முதல் பெட்டியிலேயே கழுத்துக்குக் கீழே ஓட்டை. அடுத்ததில் எண்ணெய்க் கறை. அதற்கடுத்ததில் ஒரு கையே தைக்காமல் தொங்கியது. தைக்காத கைக்குப் பச்சை விளக்கு போட்டிருக்கிறது அந்தப் பெட்டி! மொத்த லாட்டையும் திருப்பிவிட்டான்.

மீட்டிங் போட்டார்கள். கவிப்பிரியாவுக்கு வழிகாட்டுகிற காலேஜ் பேராசிரியர் போனில், மெசின் தொண்ணூற்றெட்டு சதவீதம் சரி, கட்டுரையே வந்துவிட்டது, ஆட்கள் பக்கம் பாருங்கள் என்றார். ஆட்கள் பக்கம் பார்த்தார்கள். கார்டில் யார் கையெழுத்து? ஒச்சம்மாள். அவ்வளவுதான், முடிந்தது கதை.

பிரபாகர் அவளைக் கூப்பிட்டு, "வயசாச்சுன்னா கண்ணு மங்கறது சகஜந்தானுங்க. ஊட்ல கொஞ்ச நாள் இருங்க. கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க" என்றார். அவள் கத்தினாள். "எங் கண்ணுக்கு என்னய்யா கேடு? நான் பாக்கவே இல்லன்னு அன்னைக்கே சொன்னேன்ல! பாக்க விட்டீகளா?" செக்யூரிட்டியை விட்டு வெளியே அனுப்பினார்கள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் வட்டாரத்துக் கம்பெனிகளின் மேனேஜர், சூப்பர்வைசர், மெயின்டெனன்ஸ் ஆட்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. ஆள் தேவை, ஆள் வேண்டாம் எல்லாம் அதில்தான். அன்று மதியமே பிரபாகர் அதில் அவளுடைய ஐடி கார்டு போட்டோவைப் போட்டு, 'ஒச்சம்மாள், செக்கிங். கண் பார்வை சரியில்லை. கவனம்' என்று எழுதினார். செக்கிங்காரிக்குக் கண் போய்விட்டது என்று பெயர் வந்தால் இந்த ஊரில் அப்புறம் அவளை வைத்து யார் வேலை வாங்குவான்? கட்டைவிரல் சின்னமாக வந்து விழுந்தது அந்த மெசேஜுக்குக் கீழே. முப்பத்தேழு. அதில் ஒன்று என்னுடையது. மேனேஜர் போட்டால் கட்டைவிரல் போடுவது எங்களுக்குப் பழக்கம். ஏணி மேல் நின்றுகொண்டு, ஒரு கையால் ஒயரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போட்டேன். படித்துவிட்டுத்தான் போட்டேன்.

அதற்கப்புறம் அவள் ஏறி இறங்காத கேட் இல்லை. ஒரு கம்பெனியில் முகத்துக்கு நேராகவே, "உங்களுக்குக் கண்ணு தெரியாதாமாங்க?" என்று கேட்டிருக்கிறான். கண்ணாஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்து, படிக்கிற கண்ணாடி போட்டால் பார்வை முழுசாகச் சரி என்று டாக்டர் கையெழுத்தோடு சீட்டு வாங்கினாள். அந்தச் சீட்டை ஒருத்தன் வாங்கிப் பார்க்கவில்லை. சீட்டைவிட வாட்ஸப் பெரிது. நான்கு மாதம் வீட்டில் இருந்தாள். நதியா படிப்பை நிறுத்திவிட்டுக் கைமடிக்குப் போகிறேன் என்று சொல்ல, "ஒன்னயக் கொன்னுபோடுவேன்" என்று அடித்திருக்கிறாள். இதெல்லாம் கோமளா எனக்குச் சொன்னது.

ஆனி மாதம் ஒரு நாள் கேட்டுக்கு வெளியே என்னைப் பிடித்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன், யோசிச்சுச் சொல்லுங்க. செவப்பு வெளக்கு விழுந்து எங்கிட்ட வந்த பீஸுல பாதியில டேமேஜே இருக்காது. ஏன்னு மண்டையப் போட்டுக் கொழப்பிக்கிட்டே கெடந்தேன். நேத்துத்தான் சட்டுன்னு வெளங்குச்சு. ஒரு நா சைஸ் ஸ்டிக்கர நெஞ்சுல மாத்தி ஒட்டிட்டாகன்னு உரிச்சு எடுத்தாகள்ல? அன்னைக்கு அந்தப் பண்டலு பூரா செவப்பு!"

எனக்குப் புரியவில்லை.

"பனியன் துணியில ஸ்டிக்கர ஒட்டி உரிச்சா பஞ்சு கெளம்பும்ணே. லேசாப் பசையும் நிக்கும். நமக்குத் தெரியாது. அம்புட்டு வெளிச்சத்துல கேமராவுக்குத் தெரியும்ல? அது ஓட்டையப் படிக்கல. நாங்க உரிச்ச எடத்தப் படிச்சிருக்கு."

நடுரோட்டில் நின்றவன் அப்படியே நின்றேன். எட்டாயிரம் போட்டோவிலும் ஓட்டை ஒவ்வொரு மாதிரி, கறை ஒவ்வொரு மாதிரி. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருந்தது உரித்த தடம் ஒன்றுதான். ஒத்திகையிலும் அவள் ஒட்டி, உரித்துத்தானே உள்ளே விட்டார்கள்! அவள் கண்ணைத்தான் அந்தப் பெட்டி காப்பியடித்திருக்கிறது. அவள் முன்னால் இல்லாமல் போனதும் குருடாகிவிட்டது. அந்தக் குருட்டுப் பெட்டி உள்ளே, கண் தெரிந்தவள் வெளியே.

"மெசின் பக்கத்துல என்னய ஒரு பத்து நிமிசம் விடுங்கண்ணே" என்றாள். நான் என்ன செய்தேன்? "பாக்கலாம் அம்மணி" என்றேன். பயம். வேலை போய்விடும் என்ற பயம். த்தூ!

அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த புதன்கிழமை கவிப்பிரியா மெசின் பார்க்க வரும் என்று கோமளாவிடம் தெரிந்துகொண்டு, கேட்டில் அதன் ஸ்கூட்டரை மறித்து நின்றுவிட்டாள். அந்தப் பெண் ஐந்து நிமிஷம் கேட்டது. கேட்கக் கேட்க முகம் வெளிறிப் போனது. கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு வந்தது. பிரபாகர், "இதென்னுங்க மேடம்" என்று ஓடி வந்தார். கவிப்பிரியா, "பத்து நிமிஷம் சார்" என்றது. நான் போனில் வீடியோவை ஓடவிட்டேன். இந்த விஷயத்தில் நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

ஒச்சம்மாள் அயர்ன் பண்ணி அடுக்கியதிலிருந்து பத்து நல்ல பீஸ் எடுத்தாள். கவிப்பிரியாவும் பிரபாகரும் பார்த்து, டேமேஜ் இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். ஐந்தில் ஸ்டிக்கர் ஒட்டி உரித்தாள். பெல்ட்டில் விட்டாள். சிவப்பு. சிவப்பு. சிவப்பு. சிவப்பு. சிவப்பு. மற்ற ஐந்தும் பச்சை. அந்தப் பச்சையில் ஒன்றை எடுத்து, கோமளாவின் கத்தரிக்கோலை வாங்கி, நெஞ்சுக்கு நடுவில் ஒரு துண்டு வெட்டி எறிந்தாள். மறுபடி விட்டாள். பச்சை! அந்த ஓட்டை வழியாக விரலை விட்டுப் பிரபாகரின் மூக்குக்கு நேராக ஆட்டினாள். "தெரியுதா சார்? எனக்குத் தெரியுது!"

கவிப்பிரியா, "அக்கா, இது ரொம்ப முக்கியமான கண்டுபிடிப்பு. இதையே தனியா ஒரு பேப்பரா எழுதலாம்" என்று ஆரம்பித்தது. ஒச்சம்மாள் பார்த்த பார்வையில் அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு, "மன்னிச்சுருங்கக்கா. தப்பு என்னோடது. முன்னாடி எழுதினது தப்புன்னு பத்திரிகைக்கு எழுதிடறேன்" என்றது. பிறகு எழுதியும் விட்டது என்று கேள்விப்பட்டேன். பேராசிரியருக்கு அதில் வருத்தமாம். ரொம்ப நல்லது, வருத்தப்படட்டும்.

பிரபாகருக்கு வியர்த்துவிட்டது. "சரிங்க, ஆனது ஆச்சுங்க. நாளைக்கே வேலைக்கு வந்துருங்க."

"வாறேன். குரூப்புல போட்டீகள்ல, கண்ணு தெரியலன்னு? எங் கண்ணு சரி, மெசினுதான் தப்புன்னு அதே குரூப்புல போடுங்க. போட்டதும் வாறேன்."

"அதெல்லாம் பழைய கதைங்க. நீங்க வேலைக்கு வந்துட்டாத் தானாச் சரியாப் போயிருமுங்க. முதலாளி, காலேஜ், பையர்னு எத்தனை பேரு இருக்கறாங்க, மெசின் தப்புன்னு வெளிய எப்படிங்க போடறது?"

"எம் பேர மட்டும் வெளிய போடலாமாக்கும்!" என்று வெட்டிய பீஸை அவர் மேசையில் விட்டெறிந்துவிட்டு வெளியே போனாள். நான்கு மாதம் வேலை இல்லாமல் இருந்தவள், வா என்று கூப்பிட்ட வேலையை விட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் வரை பார்த்தேன். குரூப்பில் யாரோ கட்டிங் மாஸ்டர் தேவை என்று போட்டிருந்தார்கள். வேறெதுவும் வரவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஜெனரேட்டர் ரூமில் உட்கார்ந்து, அந்த வீடியோவைப் போட்டு, கீழே எழுதினேன்: 'ஒச்சம்மாளின் கண்ணில் கோளாறு இல்லை. மெசினில்தான் கோளாறு. மாசி மாதம் இங்கே போட்டது பொய். அதற்கு நானும் கட்டைவிரல் போட்டேன்.' நான்காவது நிமிஷம் என்னைக் குரூப்பிலிருந்து நீக்கினார்கள். அதற்குள் அறுபது பேர் பார்த்துவிட்டார்கள். மறுநாள் காலையில் கேட்டில் செக்யூரிட்டி, "உங்கள உள்ள விட வேண்டாமுன்னு சொல்லிட்டாங்கண்ணா" என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வாக்கில் அவள் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவள் கண் கலங்குவாள், நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். வேலையையே தூக்கிக் கொடுத்தவன் அல்லவா நான்! அவள் நாற்காலி போட்டாள். காப்பி கொடுத்தாள். மூன்று கம்பெனியிலிருந்து போன் வந்ததாகவும், அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு இடத்தில் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருப்பதாகவும் சொன்னாள். அங்கே மெசின் இல்லையாம்.

"நல்லதாப் போச்சு அம்மணி" என்றேன்.

"நீங்க போட்டதாலதாண்ணே. இல்லங்கல." பிறகு கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணே, பதினெட்டு வருசம் ஒங்க கண்ணு முன்னாடிதான நான் வேல பாத்தேன்? ஒத்த பீஸு தப்பா விட்டுப் பாத்திருக்கீகளா? அன்னைக்கு அந்த மெசேஜப் பாத்ததும் எனக்கு ஒரு போன் போட்டு, ஏத்தா, ஒங் கண்ணுக்கு என்னான்னு கேக்கணும்னு ஒங்களுக்குத் தோணவே இல்லையா?"

அவள் என் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.